யாருடைய நடத்தை?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'பொதுக்கொள்கையில் மனித நடத்தை: புரிதலும் எதிர்வினையும்' என்று தலைப்பு கொடுத்திருக்காங்க. தலைப்பைக் கேட்டதும் இது பல்கலைக்கழகக் கருத்தரங்கு சமாச்சாரம், நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். சம்பந்தம் இருக்கு. அரசாங்கம் 'நடத்தை' என்ற சொல்லை எடுக்கும்போதெல்லாம் அதன் விரல் நம்ம தெருவைப் பார்த்துத்தான் நீளுகிறது. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கலாம். நான் வங்கியில் எழுத்தராக வேலை பார்க்கிறவன், கவிதையும் எழுதுகிறவன். இரண்டு வேலையிலும் ஒரு சொல் என்ன சொல்லுது, எதை மறைக்குதுன்னு பார்க்கிற பழக்கம் வந்துடும். அந்தப் பழக்கத்தோடு பேசுகிறேன்.

பழைய பொருளாதாரத்தில் மனுசன் என்றால் கணக்குப் பார்க்கிறவன். லாபம் என்றால் செய்வான், நட்டம் என்றால் செய்யமாட்டான். இது சரியில்லை, மனுசன் பழக்கத்துக்கும் பயத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் கட்டுப்பட்டவன் என்று உளவியல்காரர்கள் சொன்னார்கள். அதற்காக டேனியல் கானமனுக்கு 2002இல் பொருளாதார நோபல் கிடைத்தது. 2008இல் ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 'நட்ஜ்' என்ற புத்தகத்தை எழுதினார்கள். நட்ஜ் என்றால், பக்கத்தில் இருக்கிறவனை முழங்கையால் லேசாக இடிப்பது. சட்டம் வேண்டாம், தடை வேண்டாம், லேசா இடிச்சா போதும், ஆள் திரும்பிடுவான் என்பது கருத்து. 2010இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்தது. 2015இல் உலக வங்கி தன் ஆண்டறிக்கை முழுவதையும் இதற்கே ஒதுக்கியது. 2017இல் தேலருக்கும் நோபல். 2019 ஜூலையில் இந்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை ஒரு முழு அத்தியாயத்தை இதற்குக் கொடுத்து, நிதி ஆயோக்கில் இதற்குத் தனிப் பிரிவு வேண்டும் என்றது.

இவர்கள் எல்லோரும் சொல்கிற ஒரு உதாரணம் உண்டு. ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கிற பீங்கானில் ஒரு ஈயின் படத்தைப் பொறித்தார்களாம். எல்லோரும் ஈயைக் குறிபார்த்ததால் தரையில் சிந்துவது குறைஞ்சுபோச்சாம். நல்ல யுக்திதான். ஆனா அந்தக் கதையில் ஒரு ஆளைக் காணோம் பாருங்க. சிந்தினதைத் துடைச்சுக்கிட்டிருந்த ஆள். அவர் யார், அவருக்கு என்ன கூலி? கதை சொல்கிறவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. இந்தியாவுக்கு வரும்போது அந்தக் காணாமல் போன ஆள்தான் முழுக் கதையும்.

இந்தியாவில் நடத்தை மாற்றம் என்ற பேரில் நடந்த மிகப் பெரிய காரியம் தூய்மை இந்தியா திட்டம். 2014 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. ஒரு கழிப்பறைக்கு 12,000 ரூபாய். 10 கோடிக்கு மேல் கட்டியதாகக் கணக்கு. 2019 அக்டோபர் 2 அன்று கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அதே சமயத்தில், 2019 முதல் 2021 வரை, மத்திய அரசே எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, 19 சதவீத வீடுகளில் எந்தக் கழிப்பறையையும் பயன்படுத்துவதில்லை என்றது. முந்தைய ஆய்வில் அது 39 சதவீதம். ஆக, குறைஞ்சிருக்கு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஒழியலை, அதையும் மறைக்க முடியாது.

கட்டிக் கொடுத்தும் ஏன் போகவில்லை? அதிகாரிகளிடம் தயாரான பதில் இருந்தது. ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, பழக்கதோஷம், நடத்தை மாறணும். டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வட மாநிலக் கிராமங்களில் உட்கார்ந்து இதையே ஆராய்ந்து 2017இல் புத்தகமாகப் போட்டார்கள். பயன்படக்கூடிய கழிப்பறை இருக்கிற வீடுகளில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றில் ஒருவராவது வெளியில்தான் போய்க்கொண்டிருந்தார். காரணம் தண்ணீர்ப் பஞ்சமோ படிப்பில்லாததோ அல்ல. குழி. அரசாங்கக் கழிப்பறையின் குழி சின்னது, ஒருநாள் நிறையும், நிறைஞ்சா யார் அள்ளுவது? அந்தக் காலம் மாதிரி அள்ள ஆள் கிடைப்பதில்லை. தன் வீட்டு மலத்தைத் தானே அள்ளினால் தீட்டு. வீட்டுக்குள் கழிப்பறை வைப்பதே தீட்டு. ஆகவே வயக்காட்டுக்குப் போறதே சுத்தம். இதுதான் அவர்கள் கண்ட நடத்தை.

இரட்டைக் குழிக் கழிப்பறையின் ஏற்பாடு எளிமையானது. ஒரு குழி நிறைஞ்சா அதை மூடிவிட்டு மற்றதுக்குத் திருப்பிவிடணும். ஒரு வருசத்துக்கு மேல் மூடிக்கிடந்தால் உள்ளே இருப்பது மக்கி எருவாகிடும். நாற்றமில்லை, நோயில்லை, மம்பட்டியால் வெட்டி வயலுக்குப் போடலாம். விஞ்ஞானம் இதோடு முடிஞ்சது. ஆனா சாதிக்கு மக்கின மலமும் மலம்தான், அதைத் தொடுகிறவன் தீண்டத்தகாதவன்தான். 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்கதேவிபள்ளி கிராமத்தில் மத்தியத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயரே குழிக்குள் இறங்கி எருவை அள்ளிக் காட்டினார். பத்திரிகைகளில் படம் வந்தது. பாராட்டலாம். ஆனா ஒன்று கேட்க வேண்டியிருக்கு. ஒரு அதிகாரி ஒருநாள் அள்ளினால் செய்தி. ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாக அள்ளியது ஏன் செய்தி ஆகவில்லை? அவர் அள்ளும்போது அது துணிச்சல், நம்ம அம்மா அள்ளும்போது அது தொழில். இந்த வித்தியாசத்தின் பேர்தான் சாதி. அதை 'நடத்தை' என்று எழுதிவிட்டால் சாதி என்ற சொல் கோப்பிலிருந்து மறைஞ்சுபோகுது.

நோய் சாதியில் இருக்கும்போது மருந்தை எங்கே தடவினார்கள்? விடியற்காலையில் விசிலும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு கண்காணிப்புக் குழுக்கள் கிளம்பின. வெளியில் உட்கார்ந்திருக்கிறவர்களைத் துரத்துவது, படம் பிடிப்பது, மாலை போட்டு அவமானப்படுத்துவது. 2017 நவம்பரில் இந்தியா வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் லியோ ஹெல்லர், ரேசன் நிறுத்தப்பட்டது உள்ளிட்ட மிரட்டல்கள் பற்றித் தனக்குத் தகவல் வந்ததாகச் சொன்னார். அரசாங்கம் அவர் பேச்சை நிராகரித்தது. லேசா இடிக்கிறதுன்னு புத்தகத்தில் எழுதினாங்க. நம்ம ஊருக்கு வந்ததும் அது கழுத்தைப் பிடிச்சுத் தள்ளுவதாக ஆயிடுச்சு. ஏன்னா இங்கே இடிக்கிற முழங்கைக்கும் ஒரு சாதி இருக்கு, இடிபடுகிற விலாவுக்கும் ஒரு சாதி இருக்கு.

2019 செப்டம்பர் 25. மத்தியப் பிரதேசம், சிவபுரி மாவட்டம், பாவ்கேடி கிராமம். காலையில் வெளியில் மலம் கழித்துக்கொண்டிருந்த இரண்டு தலித் குழந்தைகளை அடித்தே கொன்றார்கள். ஒரு குழந்தைக்கு 12 வயசு, ஒரு குழந்தைக்கு 10. அந்தக் குடும்பத்தின் வீட்டில் கழிப்பறை இல்லை. ஆனால் அந்தக் கிராமம் 'திறந்தவெளி மலம் கழித்தல் அற்ற கிராமம்' என்று ஏற்கனவே அறிவிக்கப்பட்டிருந்தது. அதாவது பதிவேட்டில் அந்தக் குழந்தைகள் அங்கே உட்காரவே இல்லை. இந்தியா முழுவதும் சுத்தமாகிவிட்டதாக அறிவித்தது அதற்குச் சரியாக ஏழாவது நாள். தோழர்களே, இங்கே யாருடைய நடத்தையை மாற்ற வேண்டியிருந்தது?

இன்னொரு பக்கமும் இருக்கு. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் அதைவிடக் கடுமையாக ஒரு சட்டம். கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவையே இரண்டு வருசம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. 1993க்குப் பின் சாக்கடையில் செத்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொல்லி 2014 மார்ச்சில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இருந்தும் சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளிலேயே தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கு. ஆளை இறக்குகிற காண்டிராக்டர் வீட்டு வாசலில் விடியற்காலையில் யாராவது விசில் ஊதினார்களா? ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து ஆளை உள்ளே இறக்கச் சொல்கிற வீட்டுக்காரருக்கு மாலை போட்டு யாராவது படம் பிடித்தார்களா? பீ கழிக்கிறவனின் நடத்தைக்கு ஒரு துறையே இருக்கு. அதில் ஆளை இறக்கிக் கொல்கிறவனின் நடத்தைக்கு ஒரு கோப்புகூட இல்லை.

இப்போ என் தொழிலுக்கு வர்றேன். அந்த 2019 ஆய்வறிக்கை கடனைப் பற்றியும் வரியைப் பற்றியும் பேசுகிறது. அதிகமாக வரி கட்டுகிறவர்களைக் கௌரவிக்க விமானத்தில் முதலில் ஏற்றலாம், சுங்கச்சாவடியில் தனிப்பாதை விடலாம், தெருவுக்கும் ரயிலுக்கும் அவர்கள் பேர் வைக்கலாம் என்று யோசனை சொல்கிறது. பணக்காரனின் நடத்தையை மாற்ற மரியாதை, ஏழையின் நடத்தையை மாற்ற அவமானம். கடனுக்கு மதத்தைத் துணைக்கு அழைக்கிறது. கடனைத் திருப்பாதது பாவம் என்று இந்து, இஸ்லாம், கிறித்துவ மரபுகளை எடுத்துக்காட்டி, தகப்பன் கடனை அடைப்பது பிள்ளையின் புனிதக் கடமை என்ற இந்து சாஸ்திரக் கோட்பாட்டையும் சொல்கிறது. வரி ஏய்ப்பையும் வேண்டுமென்றே கடனைக் கட்டாமல் இருப்பதையும் குறைக்க இது உதவுமாம்.

படிச்சப்போ எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன்னா, தகப்பன் கடனைப் பிள்ளை சுமப்பதற்கு நம்ம சேரியில் வேறு பேர் இருக்கு. கொத்தடிமை. செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் அப்பன் வாங்கின முன்பணத்துக்கு மகன் வேலை செய்தது, அவன் மகனும் செய்தது, எல்லாம் இந்தக் கோட்பாட்டின் நடைமுறைதான். 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வாரிசாக வந்த கடனுக்கு உழைப்பதையும் பெயர் சொல்லிக் கொத்தடிமைத்தனத்தில் சேர்த்து, அந்தக் கடன்களைச் செல்லாது என்று அழித்தது. 2005இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, புனிதக் கடமை என்ற காரணத்தை மட்டும் வைத்து மகன், பேரன்மேல் கடனை வசூலிக்க எந்த நீதிமன்றமும் இடம் தரக்கூடாது என்று நாடாளுமன்றமே எழுதியது. இரண்டு சட்டங்கள் குழிதோண்டிப் புதைத்ததை 2019இல் 'நடத்தை அறிவியல்' என்று புதுச் சட்டை போட்டு எழுப்பி உட்கார வைக்கிறார்கள்.

உங்க ஊரில் யாராவது செத்து, வீட்டு வாசலில் வசூல்காரன் வந்து நின்றால் இதைச் சொல்லுங்க. இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு. சொத்து இல்லையென்றால் பொறுப்பும் இல்லை. வாரிசும் சேர்ந்து கடன் வாங்கியிருந்தாலோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ மட்டும்தான் விசயம் வேறு. பாவ புண்ணியம் வசூல் சீட்டில் கிடையாது.

வங்கியில் இன்னொரு நட்ஜ் உண்டு. 2015இல் வந்த விபத்துக் காப்பீடு. முதலில் வருசத்துக்கு 12 ரூபாய், 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஒரு தடவை சம்மதக் கையெழுத்துப் போட்டால் அப்புறம் வருசாவருசம் கணக்கிலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளும். 'ஒன்றும் சொல்லாவிட்டால் சேர்த்துக்கொள்' என்பது இந்த அறிவியலின் பெரிய ஆயுதம். திட்டம் கெட்டதில்லை. ஆனா நான் வேலை பார்த்த ஒரு கிளையில், கட்டட வேலையில் சாரம் சரிந்து புருசன் செத்துப்போன ஒரு அக்கா, மாதங்கள் கழித்து அவர் கணக்கில் ஏதாவது மிச்சம் இருக்கான்னு கேட்டு வந்தாங்க. பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தால் காப்பீட்டுத் தொகை பிடித்திருக்கு. அந்தம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்புறம் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ், நாமினி பேரில் ஒரு எழுத்து வித்தியாசம் என்று எத்தனை நடை. நாள் கூலியை விட்டுவிட்டு நடந்த நடை.

யோசிச்சுப் பாருங்க. காசு எடுக்கும்போது நாம ஒன்றுமே செய்ய வேண்டாம். காசு கேட்கும்போது எல்லாத்தையும் நாமே செய்யணும். இதைத் தேலரே பிறகு 'சகதி' என்று பேர் வைத்து எழுதினார். நல்லது செய்யவிடாமல் காலை இழுக்கிற நடைமுறைச் சகதி. மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை 1944இலிருந்து இருக்கு. அதை வாங்க நீங்க எத்தனை சான்றிதழுக்கு எத்தனை மேசை ஏறி இறங்கியிருப்பீங்க? அந்தச் சகதியில் எத்தனை பேர் படிப்பை விட்டிருப்பாங்க? அப்படி விட்டவனைத்தான் 'இவங்களுக்குப் படிப்பில் அக்கறையில்லை' என்று நடத்தைச் சான்றிதழ் எழுதுறாங்க.

அதிகாரிகளுக்கும் நடத்தை உண்டு என்பதற்கு ஒரு சான்று. ஜன்தன் கணக்குகளில் பணமே இல்லை என்று விமர்சனம் வந்தபோது, சில வங்கிகளில் ஊழியர்களே தலைக்கு ஒரு ரூபாய் போட்டு 'ஜீரோ' எண்ணிக்கையைக் குறைத்ததாக 2016 செப்டம்பரில் ஒரு ஆங்கில நாளேடு வெளியிட்டது. மேலிருந்து இலக்கு வந்தால் கீழே கணக்கு மாறும், வாழ்க்கை மாறாது. கழிப்பறைக் கணக்குக்கும் இதுதான் பொருந்தும்.

அப்படியானால் இந்த அறிவியலைத் தூக்கிக் கடாசிடலாமா? வேண்டாம். அதில் நமக்கான ஆயுதமும் இருக்கு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை செய்தார்கள். 321 உயர்சாதிச் சிறுவர்கள், 321 தலித் சிறுவர்கள். கையில் வழிகண்டுபிடிக்கிற புதிர்த்தாள். சாதியைச் சொல்லாதபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி போட்டார்கள். எல்லோர் முன்னாலும் பேரோடு சாதியையும் வாசித்ததும் தலித் பிள்ளைகள் முடித்த புதிர்கள் கணிசமாகக் குறைந்தன. மூளை அதே மூளை, தாள் அதே தாள். அறையில் ஒரு சொல் மட்டும் கூடியிருந்தது. 'தகுதி திறமை' என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டாம். வகுப்பில் 'எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு' என்று கூப்பிடுகிற வாத்தியாருக்கும் இதுதான் பதில். அவர் எண்ணிக்கை எடுக்கலை, பிள்ளையின் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குறார்.

அதுக்காக சாதியை மறைச்சு வாழணும்னு அர்த்தமில்லை. அந்தச் சொல்லை யார், எந்த இடத்தில், எதுக்காகச் சொல்றாங்க என்பதுதான் கேள்வி. அவன் கூப்பிட்டா அது குறுக வைக்கிற சொல். பறையைக் காய்ச்சி எடுத்து நாமே தெருவில் நின்று நம்ம பேரைச் சொன்னபோது அதுவே நிமிர வைச்ச சொல். ரெண்டுக்கும் நடுவில் இருப்பது அமைப்பு.

நடத்தையைப் புரிந்துகொண்டு பதில் கொடுப்பது எப்படி என்பதை நமக்கு மகத் காட்டியிருக்கு. 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே தீர்மானம், பொதுக்குளங்கள் எல்லோருக்கும் என்று. 1924இல் மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டது. காகிதத்தில் கொள்கை தயார். ஆனா ஒருத்தரும் போய்க் குடிக்க முடியலை. ஊர்க்காரன் நடத்தை மாறலை. அம்பேத்கர் என்ன செய்தார்? 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடித்தார்கள். 108 குடம் சாணியும் மூத்திரமும் பாலும் தயிரும் கொட்டிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கியது. வழக்கு நடந்தது. 1937இல் உயர்நீதிமன்றத்தில் நாம் ஜெயித்தோம். பத்து வருசம். கால், கூட்டம், வழக்கு மூன்றும் சேர்ந்துதான் அந்த நடத்தையை அசைத்தன.

அதே மகத்தில் அவர் நம்ம ஜனங்களிடமும் பேசினார். செத்த மாட்டைத் தின்னாதீங்க, மிச்சம் மீதியை வாங்காதீங்க என்றார். அதுவும் நடத்தை மாற்றம்தான். விசில் ஊதலை, ரேசனை நிறுத்தலை. நம்மில் ஒருவராக நின்று, மானத்தைக் காட்டிச் சொன்னார், ஜனங்கள் தாங்களே முடிவெடுத்தார்கள். அவமானப்படுத்தித் திருத்துவதும் மானத்தைக் காட்டி மாற்றுவதும் ஒன்றல்ல.

கிட்டத்தில் நடந்ததையும் சொல்லிடறேன். 2023 செப்டம்பரில் கரூர், தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் காலை உணவைத் தலித் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். தூத்துக்குடியில் எம்.பி. போய் உட்கார்ந்து சாப்பிட்டார். கரூரில் கலெக்டர் சாப்பிட்டதோடு, வன்கொடுமைச் சட்டத்தில் வழக்கு வரும் என்றும் எச்சரித்தார். சேர்ந்து சாப்பிடுவது மட்டும் என்றால் அது படத்தோடு முடியும். சட்டமும் கூட வந்தால்தான் அடுத்த நாளும் அடுப்பு எரியும்.

மாணவர்களுக்கு மூணு வேலை சொல்லி முடிக்கிறேன். ஒன்று, உங்க ஊரில் கட்டியதாகச் சொல்கிற கழிப்பறைகளை நீங்களே போய் எண்ணுங்க. எத்தனை வீட்டில் இருக்கு, தண்ணி வருதா, குழியை யார் அள்ளினாங்க, என்ன கூலி என்று எழுதுங்க. ரெண்டு, உதவித்தொகைக்கு ஒரு மாணவர் எத்தனை நாள், எத்தனை அலுவலகம், எவ்வளவு பஸ் காசு என்று ஒரு கணக்கு எடுங்க. அது அரசாங்கத்தின் நடத்தை பற்றிய ஆய்வு. மூணு, உங்க நகராட்சி எல்லையில் தொட்டிக்குள் ஆளை இறக்கியதற்காக 2013 சட்டத்தில் எத்தனை வழக்கு, எத்தனை தண்டனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. பத்து ரூபாய்தான் கட்டணம்.

இதுவரை நாம ஆராயப்படுகிறவர்களாக இருந்தோம். அவன் நோட்டில் நம்ம நடத்தை ஏறியது. இனிமே நோட்டு நம்ம கையிலும் இருக்கட்டும்.

ஜெய்பீம்.